கவலைக்கு ஒரு வேளை
(தோட்டத்து மக்கள் மனக்கலக்கத்தைச் சமாளித்த வரலாறு)



வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன ஆட்சிகள், போர்கள், ஒப்பந்தங்கள், ஆண்டுகள். இரப்பர் விலை எந்த ஆண்டில் ஏறியது, எந்த ஆண்டில் இறங்கியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எத்தனை பேர் கப்பலில் வந்து இறங்கினார்கள், எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. ஆனால், விலை இறங்கிய செய்தி வந்த அன்றிரவு லயத்து வீட்டில் படுத்திருந்த ஒரு குடும்பத் தலைவன் எப்படிக் கண்ணயர்ந்தான் என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை. மறுநாள் விடியுமுன் அவன் மனைவி எழுந்து உலை வைத்தாளே, அந்தத் துணிவை அவள் எங்கிருந்து பெற்றாள் என்பதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

அதைத்தான் இன்றைய உரையில் நாம் பார்க்கப் போகிறோம். கவலையும் அச்சமும் மனத்தை அரித்தபோது, மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் அன்றாட வாழ்வில் என்னென்ன வழிகளைக் கையாண்டார்கள்? அவற்றுள் எவை பயன் தந்தன? எவை கெடுத்தன? எவற்றை நாம் இன்றும் கைக்கொள்ளலாம்? இவையே நம் கேள்விகள்.

துன்பம் வந்த பிறகு தாங்குவது ஒன்று. துன்பம் வருமோ வருமோ என்று எண்ணி எண்ணிக் கலங்குவது மற்றொன்று. நாம் பேசப் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவதைப் பற்றி. திருவள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். எழுத்தறியாத தோட்டத்துப் பாட்டியோ அந்த அதிகாரத்தைப் படித்தவர் அல்லர். ஆயினும் அவருக்கும் ஒரு முறை தெரிந்திருந்தது.

உடம்பு பேசிய மொழி

மனக்கலக்கத்துக்குத் தோட்டத்து மக்கள் வழங்கிய சொற்களை முதலில் கவனிப்போம். "நெஞ்சு பதைக்குது", "வயித்தைக் கலக்குது", "கை கால் ஓடலை", "தொண்டையிலே சோறு இறங்கலை", "ராவெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்லை" என்பார்கள். இவை அனைத்தும் உடம்பைப் பற்றிய பேச்சு. இன்றைய மருத்துவமும் இதையேதான் கூறுகிறது. அச்சம் வந்தால் இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு மேல்மூச்சாக வாங்குகிறது, குடல் புரள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. ஆனால், ஓடுவதற்கு இடமும் இல்லை, எதிர்ப்பதற்கு ஆளும் இல்லை என்றால் அந்த ஆயத்தமே நோயாகி விடுகிறது.

தோட்டத்து வாழ்க்கையில் அப்படிப்பட்ட நிலை பலமுறை ஏற்பட்டது. அவற்றைக் கால வரிசையில் காண்போம்.

கடலும் கடிதமும்

தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதன் பின்னர்க் கங்காணி முறையே முதன்மை பெற்றது. கங்காணி தம் ஊருக்குச் சென்று உற்றார் உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்து வந்தார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். நோய்த்தடுப்பு முகாமில் தங்கிய பிறகே தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை இப்போக்குவரத்து நடந்தது.

கங்காணி முறையின் கொடுமைகளைப் பற்றி நம் வரலாற்றுப் பாடங்களில் நிறையவே பேசப்பட்டிருக்கிறது. பயணச் செலவு கடனானது, கடன் விலங்கானது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒரே ஊரார் ஒரே லயத்தில் வந்து சேர்ந்ததில் ஒரு சிறு நன்மையும் இருந்தது. தெரியாத காட்டில் தெரிந்த முகம் ஒன்றாவது இருந்தது. உறவு இல்லாத இடத்தில் உறவைப் படைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாமா ஆனார். எதிர்வீட்டு அம்மாள் சின்னம்மா ஆனார். முறை சொல்லி அழைப்பது வெறும் மரியாதைக்காக மட்டும் அன்று. நடு இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பதற்கு அதுவே உரிமைச் சீட்டு.

ஊரில் விட்டு வந்த தாய் தந்தையரைப் பற்றிய கவலைக்கு ஒரே வடிகால் கடிதம். எழுதத் தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு சிலரே. கிராணியாரிடமோ பள்ளிக்கூட வாத்தியாரிடமோ வந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவித்தார்கள். தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களுக்கு முன்பிருந்தவர்கள் சிலேட்டில் அகரம் கற்பித்த நேரம் போக, மற்ற நேரத்தில் ஊராரின் மனத்தைத் தாளில் எழுதிக்கொடுத்தவர்கள். பதில் வர மாதங்கள் ஆகும். ஆயினும் கடிதத்தை ஒட்டிப் பெட்டியில் போட்ட அன்றே பாதி பாரம் இறங்கிவிடும். ஏன்? தலைக்குள் சுற்றிச் சுற்றி வரும் கவலைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அதை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால் முன்னது எது, பின்னது எது என்று வரிசைப்படுத்த வேண்டும். வரிசைப்படுத்திய கவலை பாதி அடங்கிய கவலை.

மஞ்சள் துணியில் முடிந்த காசு

அடுத்து வந்தது நோய் அச்சம். காடழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் மலேரியாக் காய்ச்சல் கணக்கற்றோரைக் கொண்டு சென்றது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை 1897ஆம் ஆண்டில் ரோனல்டு ராஸ் இந்தியாவில் கண்டறிந்தார். 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி, நீரை வடித்து, கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் அந்நோயைப் பெரிதும் குறைத்துக் காட்டினார். தோட்டங்களில் கொயினா மருந்து கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. அதன் கசப்பைச் சொல்லிச் சொல்லி முகம் சுளித்த முதியவர்கள் பலர்.

ஆனால், வடிகால் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. குழந்தை குளிரால் நடுங்கிக் கிடக்கையில் தாய் என்ன செய்வாள்? மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு காசை முடிந்து, மாரியம்மனை நினைத்துச் சுவாமி மாடத்தில் வைப்பாள். குழந்தை பிழைத்தால் திருவிழாவில் பால்குடம் எடுப்பதாகவோ, தீ மிதிப்பதாகவோ வேண்டிக்கொள்வாள். பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. அங்கே காவடி தூக்கி வந்தவர்களுள் எத்தனையோ பேர் இப்படி முடிந்து வைத்த காசோடு வந்தவர்களே.

நேயர்களே, காசை முடிந்ததால் காய்ச்சல் நின்றதா என்று கேட்டால், நின்றது என்று நாம் பாடம் நடத்தமாட்டோம். காய்ச்சலை நிறுத்தியவை கொயினாவும் வடிகாலும்தான். ஆனால், அந்தத் தாயின் மனத்துக்கு அந்த முடிச்சு என்ன செய்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லையில்லாத அச்சத்துக்கு அது ஓர் எல்லை கட்டியது. 'இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னது செய்வேன்' என்று வருங்காலத்தில் ஒரு நாளைக் குறித்தது. செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தவித்த கைகளுக்குச் செய்ய ஒன்றைக் கொடுத்தது. அவள் வேண்டிக்கொண்டது அக்கம்பக்கத்தாருக்கும் தெரியும். ஆகவே, குழந்தையின் நிலையை நாலு பேர் வந்து விசாரித்தார்கள். தன் கவலை தன்னோடு மட்டும் இல்லை என்று அவள் உணர்ந்தாள்.

'பயந்த கோளாறு' என்று சொல்லித் திருநீறு போடுவதும், கயிறு மந்திரித்துக் கட்டுவதும் இவ்வகையைச் சார்ந்தனவே. திருநீறு போடும் பெரியவர் முதலில் என்ன செய்வார்? எதிரே உட்கார வைப்பார். "எங்கே பயந்தே? எப்போ பயந்தே?" என்று கேட்பார். முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் நெற்றியில் கை வைப்பார். "ஒண்ணும் இல்லை, போய்ப் படு" என்பார். கேட்பதற்கு ஓர் ஆளும், தொடுவதற்கு ஒரு கையும், போய்த் தூங்கு என்று சொல்வதற்கு ஒரு வாயும் இருந்தன. ஆனால் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். திருநீறோடு நின்றுவிட்டு, டிரசரிடம் போகாமல் காலம் கடத்திய இடங்களில் உயிர்கள் போயின. திருநீறு அச்சத்துக்கு, மருந்து நோய்க்கு. இரண்டையும் பிரித்து அறிந்தவர்கள் பிழைத்தார்கள்.

கைவேலையும் கூட்டும்

1930ஆம் ஆண்டையொட்டி உலகப் பொருளாதார மந்தம் வந்தது. இரப்பர் விலை தரைக்கு இறங்கியது. ஆண்களுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 40 காசுக்குக் குறைந்தது. பின்னர் அதற்கும் கீழே போனது. வேலை இல்லாத தொழிலாளர்களைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1930 முதல் 1932 வரை இப்படிப் போனவர்கள் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அடுத்த கப்பலில் யார் பெயர் இருக்கும்? இந்தக் கேள்வி ஒவ்வொரு லயத்திலும் குடியிருந்தது.

அப்போது கைகொடுத்தவை மிகச் சிறிய செயல்கள். லயத்துக்குப் பின்னால் நாலு முருங்கை, ஒரு பாத்தி கீரை, இரண்டு கோழி, வசதியிருந்தால் ஒரு மாடு. இவை வயிற்றுக்கு உதவின என்பது வெளிப்படை. மனத்துக்கும் உதவின. இரப்பர் விலை அன்று இலண்டனில் தீர்மானிக்கப்பட்டது. அதன்மேல் தொழிலாளிக்கு ஆட்சி இல்லை. கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவது அவன் கையில் இருக்கிறது. தன் ஆட்சிக்கு உட்படாத பெரிய செய்தியை நினைத்து மறுகுவதைவிட, தன் ஆட்சிக்கு உட்பட்ட சிறிய வேலையைச் செய்வது மனத்தை நிலைநிறுத்தும்.

பால்வெட்டும் அப்படிப்பட்ட வேலையே. வெயில் ஏறுமுன் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியற்காலையிலேயே பிரட்டுக் களத்தில் கூட வேண்டும். உளி சற்று ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலோடு போனால் பால் வராது. பட்டையின் கனத்தைக் கண்ணாலும் கையாலும் அளந்து அளந்து சீவ வேண்டும். ஒரு நிரையில் பல நூறு மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் மனம் உளியின் நுனிக்கு வந்தே ஆக வேண்டும். வேலை கடுமையானதுதான், கூலி குறைவுதான், அதைப் புகழ்ந்து பாட நாம் முற்படவில்லை. ஆயினும் "காட்டுக்குப் போயிட்டா மனசு கொஞ்சம் அடங்கும்" என்று பெரியவர்கள் சொன்னதில் பொருள் இருக்கிறது.

பணக் கவலைக்கு அவர்கள் கண்ட மற்றொரு வழி 'கூட்டு'. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு தொகையைப் போடுவார்கள். மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். மகளின் சடங்கு, மகனின் படிப்பு, திடீர்ச் சாவு எதுவாயினும் கை நீட்ட ஓர் இடம் இருந்தது. 'கூட்டு' என்ற இந்தத் தமிழ்ச் சொல் மலேசியச் சட்டப் புத்தகத்திலேயே இடம்பெற்றது. ஏமாற்றுக்காரர்கள் புகுந்து இதை வாணிபமாக்கியதால், அவ்வாறு நடத்துவதைத் தடை செய்யும் சட்டம் 1971ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. நம்பிக்கை இருந்த வரை கூட்டு கவலைக்கு மருந்து. நம்பிக்கை போன இடத்தில் அதுவே புதிய கவலை.

செய்தி வராத வீடு

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் நம் மக்கள் பட்ட பாட்டுக்கு ஒப்புமை இல்லை. அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. சாக்குத் துணியே உடையாயிற்று. வாழைமரம் அச்சிட்ட நோட்டு செல்லாக் காசாயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். மலாயாவிலிருந்து சென்ற தொழிலாளர்கள் 70,000க்கும் மேற்பட்டவர்கள் என்று கணக்கிடப்படுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் அடிக்கும் பலியானவர்கள் பல்லாயிரம் பேர். பாதை 1943ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. போனவர்களுள் பலர் வீடு திரும்பவேயில்லை.

இங்கே நாம் அவர்கள் வீட்டுப் பெண்களை நினைத்துப் பார்க்க வேண்டும். இறந்தார் என்று செய்தி வந்தால் அழலாம், சடங்கு செய்யலாம், துக்கத்துக்கு ஒரு முறை உண்டு. செய்தியே வராவிட்டால்? பொட்டு வைப்பதா, அழிப்பதா? தாலி இருப்பதா, இறங்குவதா? இந்தக் கேள்வியோடு ஆண்டுக் கணக்கில் வாழ்ந்தவர்கள் நம் தோட்டங்களில் இருந்தார்கள். மனக்கலக்கத்தில் இதைவிடக் கொடியது ஒன்று இல்லை.

அவர்கள் எப்படித் தாங்கினார்கள்? பழைய தோட்டங்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்டவற்றைத் தொகுத்தால் மூன்று செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, அன்றாட முறையை அவர்கள் விடவில்லை. கிழங்கு தோண்டுவது, தண்ணீர் சுமப்பது, மாலையில் விளக்கேற்றுவது ஆகியவை அந்தந்த நேரத்தில் நடந்தன. எண்ணெய் இல்லாத நாளில் திரியை மட்டுமாவது துடைத்து வைத்தார்கள். இரண்டாவது, பெண்கள் கூடியே இருந்தார்கள். ஒரே அடுப்பில் கிழங்கு வெந்தது. ஒரு வீட்டுக் குழந்தையை மறு வீட்டார் பார்த்தார்கள். மூன்றாவது, பாடினார்கள். தாலாட்டாகத் தொடங்கும் பாட்டு, குழந்தை தூங்கிய பிறகு ஒப்பாரியாக மாறும். நேரே சொன்னால் வாய் வராத செய்தியைப் பாட்டு சொல்லிவிடும். இதில் உடலியல் உண்மை ஒன்றும் இருக்கிறது. நீண்ட அடியைப் பாடும்போது மூச்சு மெல்ல மெல்ல வெளியேறுகிறது. அப்படி மூச்சை நீட்டி விடும்போது படபடப்பு தணிகிறது. பாட்டி உடலியல் படிக்கவில்லை. பாடிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

வேலிக்குள் வதந்தி

போர் முடிந்து மூச்சு விடுமுன் அடுத்த சோதனை வந்தது. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாக்கி முள்வேலி போட்டார்கள். ஊரடங்கு வந்தது. வாயிலில் சோதனை நடந்தது. உணவுப் பொருளை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது. ஒரு பக்கம் காட்டிலிருந்து வருபவர்களின் மிரட்டல். மறுபக்கம் படையினரின் ஐயம். இரண்டுக்கும் நடுவே தொழிலாளி.

வேலிக்குள் மிக வேகமாக வளர்ந்த பயிர் வதந்தி. "அந்தத் தோட்டத்தில் சுட்டுவிட்டார்களாம்", "இந்தத் தோட்டத்தைக் காலி பண்ணப் போகிறார்களாம்" என்று 'ஆம்' போட்ட செய்திகளே மனத்தை அதிகம் வாட்டின. இதற்கு மாற்றாக அமைந்தவை செய்தித்தாளும் வானொலியும். 1924ஆம் ஆண்டில் தொடங்கிய 'தமிழ் நேச'னும், 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முர'சும் தோட்டங்களுக்கு வந்தன. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்டார்கள். 1946ஆம் ஆண்டு முதல் மலாயா வானொலி ஒலித்தது. பொது இடத்தில் வைத்த ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றித் தோட்டமே கூடியதும் உண்டு. குறித்த நேரத்தில் செய்தி, பிறகு பாட்டு, பிறகு வீட்டுக்குப் போய்ப் படுக்கை. அச்சமூட்டும் செய்திக்கு ஒரு வேளை இருந்தது. அந்த வேளை முடிந்ததும் அது நின்றது. இந்தச் சிறு செய்தியை நாம் மறவாதிருப்போம். பின்னர் அதற்கு மீண்டும் வருவோம்.

மருந்து போல் வந்த நஞ்சு

இதுவரை நன்மை தந்த வழிகளைக் கூறினோம். தீமை தந்ததையும் கூறாவிட்டால் வரலாறு நிறைவு பெறாது. மாலையானதும் கவலையை மறக்கப் பலர் நாடிய இடம் தோட்டத்துக் கள்ளுக்கடை. அதைத் தோட்ட நிருவாகங்களே தோட்டத்துக்குள் நடத்த இடம் கொடுத்தன. சம்பளம் கொடுத்த கையே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கள் சில மணி நேரம் அச்சத்தை மூடி வைத்தது. மறுநாள் அதே அச்சம் கடனோடும் வீட்டுச் சண்டையோடும் எழுந்து வந்தது. இரவில் கவலையை மறந்தவன் ஒருவன். அவன் வருகையை எண்ணிக் கவலைப்பட்டவர்கள் அவன் மனைவி மக்கள். கவலை குறையவில்லை, தோள் மாறியது, அவ்வளவுதான்.

இதை உணர்ந்தவர்களும் தோட்டத்து மக்களே. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. போருக்குப் பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். வெற்றிலை பாக்கும் இவ்வாறே. அலுப்புத் தீரப் போட்டார்கள். பேச்சுத் துணையாகவும் இருந்தது. பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று உறுதியாகத் தெரிந்த உண்மை. முன்னோர் செய்தது என்ற ஒன்றே எதற்கும் நற்சான்று ஆகாது.

பத்து வெள்ளியின் பலம்

1950ஆம் ஆண்டுகளில் வேறொரு கவலை எழுந்தது. ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். 'தோட்டத் துண்டாடல்' என்ற சொல்லைக் கேட்டாலே லயங்களில் அடுப்பு எரியாது என்பார்கள். ஏனென்றால் தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். பள்ளியும் கோயிலும் போகும். பிறந்த இடமே இல்லாமற் போகும்.

இந்தக் கவலையைத் தாலாட்டால் தணிக்க முடியுமா? நேர்த்திக் கடனால் நிறுத்த முடியுமா? முடியாது. இங்கேதான் நாம் கூற வந்த முக்கியமான கருத்து இருக்கிறது. கவலைகளில் இரு வகை உண்டு. ஒன்று, தாங்க வேண்டியது. மற்றொன்று, தீர்க்க வேண்டியது. தீர்க்கக்கூடியதைத் தாங்கிக்கொண்டே இருப்பது பொறுமை ஆகாது.

1954ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைந்தது. பி. பி. நாராயணன் அதன் தலைமையில் நின்று உழைத்தார். கூலியைப் பற்றித் தனி ஆள் துரையிடம் நடுங்கிக்கொண்டு கேட்ட நிலை மாறி, சங்கம் மேசையில் உட்கார்ந்து பேசும் நிலை வந்தது. 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் திரட்டினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பால்வெட்டும் மக்களே தோட்டத்தை வாங்கலாம் என்று எடுத்துச் சொன்னார். கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது.

பத்து வெள்ளி அக்காலத் தொழிலாளிக்குச் சிறு தொகை அன்று. ஆயினும் கொடுத்தார்கள். மஞ்சள் துணியில் காசு முடிந்த அதே கைதான் இந்தப் பத்து வெள்ளியையும் எடுத்து நீட்டியது. முன்னது அச்சத்தை ஆற்றியது. பின்னது அச்சத்தின் காரணத்தையே போக்க முயன்றது. எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மை. 1969ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது, பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்ததும் உண்மை. ஆனாலும், கூடி முயன்றவர்களின் முதுகு நிமிர்ந்தது. தனியே அஞ்சியவன் கூட்டத்தில் அஞ்சவில்லை.

நாம் கற்க வேண்டியவை

நேயர்களே, இந்த நீண்ட வரலாற்றிலிருந்து ஐந்து பாடங்களைச் சுருக்கிக் கூறுகிறோம்.

ஒன்று: கவலையை ஒருவரிடம் சொல்லுங்கள், சொல்ல ஆள் இல்லாத இரவில் தாளில் எழுதுங்கள். கிராணியார் எழுதிக்கொடுத்த கடிதம் செய்த வேலையை அது செய்யும்.

இரண்டு: கவலைக்கு ஒரு வேளை வையுங்கள். வேலிக்குள் வாழ்ந்தவர்களுக்கு வானொலிச் செய்தி குறித்த நேரத்தில் வந்து, குறித்த நேரத்தில் முடிந்தது. நம் கையில் இருக்கும் தொலைபேசியோ நள்ளிரவிலும் அச்சமூட்டும் செய்தியைக் கொண்டுவருகிறது. மாலையில் அரைமணி நேரம் கவலைப்பட வேண்டியவற்றை எண்ணிப் பார்த்து, செய்ய வேண்டியதைக் குறித்துவிட்டு, படுக்கும்போது அதை வெளியே வைத்துவிடுவது நல்லது.

மூன்று: கைக்கு வேலை கொடுங்கள். அடுக்குமாடி வீட்டில் கீரைப் பாத்திக்கு இடமில்லை என்றால் ஒரு பூச்சட்டி போதும். மூச்சை மெல்ல விட்டுப் பாடுங்கள், நடங்கள். அன்றாட முறையை, குறிப்பாகக் குழந்தைகள் உண்ணும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் குலைக்காதீர்கள்.

நான்கு: மறக்கச் செய்வதை மருந்து என்று நம்பாதீர்கள். கள் போன இடத்தில் இன்று வேறு பல வந்திருக்கின்றன; பெயர்தான் வேறு.

ஐந்து: தாங்க வேண்டிய கவலையா, தீர்க்க வேண்டிய கவலையா என்று பிரித்துப் பாருங்கள். தீர்க்க வேண்டியது என்றால் கூட்டாக முயலுங்கள். படபடப்பும் தூக்கமின்மையும் வாரக் கணக்கில் நீடித்து, வேலை செய்ய முடியாத நிலை வந்தால், அது திருநீறோடு நிற்க வேண்டியது அன்று. அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் சென்று மருத்துவரிடம் கூறுங்கள். கொயினாவின் கசப்பைப் பொறுத்தவர்கள் பிழைத்தது போல், வெட்கத்தின் கசப்பை விழுங்கிவிட்டுச் செல்பவர்கள் நலம் பெறுவார்கள்.

ஆசிரியர்களாகிய எங்கள் சார்பில் பெற்றோருக்கு ஒரு சொல். வகுப்பில் வயிற்று வலி என்று அழும் பிள்ளை எல்லாமே நடிப்பதில்லை. அச்சம் உடம்பின் மொழியில்தான் பேசும் என்று தொடக்கத்தில் கண்டோம். சோதனை நாளன்று ஒரு பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கினால், அதட்டுவதற்கு முன் எதிரே உட்கார வைத்து, "எங்கே பயந்தே? எப்போ பயந்தே?" என்று கேளுங்கள். முழுவதையும் கேளுங்கள். பிறகு நெற்றியில் கை வையுங்கள்.

பல தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்து போயின. அங்கே அஞ்சி, அச்சத்தை வென்று, பிள்ளைகளை ஆளாக்கிய முதியவர்கள் ஒரு சிலராவது இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கூலி எவ்வளவு, துரை யார் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "பயமா இருந்தப்போ என்ன பண்ணுவீங்க, பாட்டி?" என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத வரலாறு அது.